வாய்ப்பு மட்டுமே அளிக்கப்பட்டது

அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு ஒரு பெரும் சோதனை வந்தது. ஊரில் குற்றம் குறைந்துவிட்டது.

குறைந்துவிட்டது என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அடியோடு நின்றே போயிருந்தது. நிலைய வாசலில் மாதாமாதம் குற்றக் கணக்கு எழுதும் கரும்பலகையில் கடைசியாக ஏறியது ஒரு சைக்கிள் திருட்டு. அதுவும், சைக்கிளைத் தன் வீட்டு மாடியிலேயே ஏற்றி வைத்துவிட்டு மறந்துபோன ஒருவர் கொடுத்த புகார். அவர் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போன பிறகு பலகையில் சுண்ணாம்புக்கட்டி படவே இல்லை.

நல்லதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். நிர்வாகம் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. தங்கள் நிலைய எல்லையில் குற்றங்கள் நிகழாமைக்கான காரணத்தை உடனடியாக விளக்க வேண்டும். விளக்கம் திருப்திகரமாக இல்லையெனில் நிலையத்தை மூடி, பணியாளர்களைக் குற்றம் செழிப்பாக உள்ள பகுதிகளுக்கு மாற்றுவது குறித்துப் பரிசீலிக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது.

கடிதத்தைப் படித்து எல்லோரையும்விட அதிகமாகக் கலங்கியவர் ஏட்டு. மனைவிக்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. இந்த வயதில் முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத திருடர்களோடு புதிதாகப் பழக வேண்டும் என்றால் யாருக்குத்தான் கலக்கம் வராது? ஏட்டுக்கு முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மீசை இருந்தது. ஊரே அவரை மீசை ஏட்டு என்றுதான் சொல்லும். அதைப் பராமரிக்கத் துறையே மீசைப் படி என்று மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுத்து வந்தது. மீசையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. மீசைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்து இதுவரை யாரும் பயந்ததில்லை.

இந்த இக்கட்டான நேரத்தில்தான் புதிய கண்காணிப்பாளர் வந்து பொறுப்பேற்றார். அவர் அப்போதுதான் வெளியூரில் ஏதோ ஒரு பெரிய பயிற்சியை முடித்துவிட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கூடவே துறையின் புகைப்படக்காரரும் வந்தார். படம் இல்லாத நடவடிக்கை நடக்காத நடவடிக்கை என்பது கண்காணிப்பாளரின் கொள்கை. கோப்பில் கையெழுத்துப் போடும்போதுகூட ஒருமுறை தலையை நிமிர்த்திக் காமெராவைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

குற்றம் நடக்கும் வரை கை கட்டிக் காத்திருப்பது பழைய பாணி என்றார் அவர். இன்றைய பாணி, குற்றம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் போய், அதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்து, வெளியே வந்ததும் பிடிப்பது. இதற்கு மாறுவேடப் பொறி என்று பெயர். நாகரிகமான ஊர்களில் எல்லாம் இப்போது இதுதானாம்.

"ஆனா ஒண்ணு," என்று விரலை உயர்த்தினார். "சட்டத்துக்கு உட்பட்டுத்தான் எல்லாம். நாம யாரையும் தூண்டக் கூடாது. வாய்ப்பு மட்டும்தான் அளிக்கணும்."

ஏட்டுக்கு வித்தியாசம் புரியவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேசை மேல ஒரு பழத்தை வைக்கிறோம். அது வாய்ப்பு. எடுத்துச் சாப்பிடுன்னு சொன்னா அது தூண்டுதல்."

"அவன் எடுக்கலேன்னா ஐயா?"

"பழத்தைக் கொஞ்சம் கிட்ட நகர்த்தலாம்."

"அப்பவும் எடுக்கலேன்னா?"

"இன்னும் நல்ல பழமா வைக்கலாம்."

"எனக்குப் பசியே இல்லைன்னு சொல்லிட்டா?"

"உங்க அம்மாவுக்குப் பசிக்குதுன்னு சொல்லிப் பார்க்கலாம். அதுவரைக்கும் வாய்ப்புதான்."

அன்றே, குற்றம் செய்ய வல்லோர் யார் யார் என்று ஆராயப்பட்டது. செய்தவர்கள் யாரும் கையில் இல்லாததால் செய்யக்கூடியவர்களைத் தேட வேண்டியதாயிற்று. ரப்பர் முத்திரை செய்து கொடுப்பவர் நினைத்தால் அரசாங்கத்தையே போலியாகச் செய்துவிடலாம். மருந்துக்கடைக்காரர் நினைத்தால் ஊரையே தூங்க வைக்கலாம். முடிதிருத்துபவர் கையில் கத்தியோடு எத்தனை கழுத்துகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று யோசித்தபோது கண்காணிப்பாளருக்கே உடம்பு சிலிர்த்தது. கடைசியில் முதலிடம் பூட்டுக்காரருக்குப் போயிற்று. ஊரில் அவரால் திறக்க முடியாத கதவே கிடையாது. இவ்வளவு வசதி இருந்தும் இத்தனை வருஷமாக ஒரு வீட்டில்கூட நுழையாதது பெரும் சந்தேகத்துக்கு இடமளிப்பதாகக் கண்காணிப்பாளர் குறிப்பு எழுதினார்.

பொறி வைக்கும் பொறுப்பு ஏட்டுக்கு வந்தது. முதல் வேலையாக மாறுவேடம் போட வேண்டும். ஒட்டுத் தாடிக்கும் தலைப்பாகைக்கும் நிதி ஒதுக்கீடு இல்லை. எனவே செலவில்லாத மாறுவேடமாக ஏட்டின் மீசை எடுக்கப்பட்டது. மீசை இல்லாத காரணத்தால் அந்த மாதத்திலிருந்து மீசைப் படியும் நிறுத்தப்பட்டது. வீட்டுக்குப் போனபோது மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகம் கழுவிட்டு வாங்க, என்னமோ குறையுது என்று சிரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

"அந்தப் பூட்டுக்காரரையா? நம்ம பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப, அவ உள்ளே தூங்கறப்ப கதவு காத்துல சாத்திக்கிச்சே, ஞாபகம் இருக்கா? ஓடி வந்து திறந்துட்டு, குழந்தை அழுகையை நிறுத்தற வரைக்கும் இங்கேயே நின்னாரு. காசுகூட வாங்கிக்கலை."

"நான் அவரைத் தூண்டப் போறதில்லை. வாய்ப்பு மட்டும்தான்," என்றார் ஏட்டு.

"சரி," என்றாள் மனைவி. மறுநாள் காலையில் மேசை மேல் ஒரு தட்டு நிறைய இனிப்பு இருந்தது. ஏட்டுக்குச் சர்க்கரை வியாதி. சுற்றுமுற்றும் பார்த்து ஒன்றை வாயில் போட்டதும் திரைக்குப் பின்னாலிருந்து மனைவி வெளியே வந்தாள். நான் தூண்டலைங்க, தட்டு சும்மாதான் இருந்துச்சு என்றாள். ஏட்டுக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பூட்டுக்காரர் நகலெடுக்கும் கடைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய குடைக்குக் கீழே உட்கார்ந்து தொழில் செய்பவர். எதிரே ஒரு பலகையில் வாய் பிளந்த பழைய பூட்டுகள். பின்னால் கம்பியில் கோத்த வெறும் சாவிகள் காற்றில் கிலுகிலுக்கும். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சாவியை மட்டும் கொண்டுபோய், இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றால் செய்யமாட்டார். கூடவே நடந்து வந்து, அந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, பிறகுதான் அரத்தைக் கையில் எடுப்பார். கதவைப் பார்க்காமல் சாவி கிடையாது. இதனால் அவருக்கு வருமானம் குறைவு, நடை அதிகம்.

முதல் நாள் ஏட்டு சோப்புக் கட்டியில் பதித்த ஒரு சாவியின் அச்சைக் கொண்டுபோய் நீட்டினார். பூட்டுக்காரர் அதை வாங்கி முகர்ந்து பார்த்து, நல்ல சோப்பு, குளிக்க வச்சுக்கோங்க என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் நாள் இரட்டிப்புக் கூலி பேசினார். பூட்டுக்காரர் நிமிர்ந்து ஏட்டின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, கூலி கூடினா கதவு மாறிடுமா சார் என்று கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டார்.

கண்காணிப்பாளர் பழத்தை நகர்த்தச் சொன்னார். எனவே மூன்றாம் நாள் ஒரு கதவு ஏற்பாடு செய்யப்பட்டது. காவலர் குடியிருப்பின் பின்வரிசையில், வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீடு. இதில் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. சொந்தக்காரர் சம்மதத்தோடு பூட்டைத் திறந்தால் அது குற்றமாகாது. வீடு காவல்துறைக்குச் சொந்தம். திறக்க ஏற்பாடு செய்வதும் காவல்துறை. ஆகவே, இவ்வீடு திறக்கப்படுவதற்கு இத்துறை எவ்விதத்திலும் சம்மதிக்கவில்லை என்று துறை தனக்குத்தானே ஒரு கடிதம் எழுதி, தானே பெற்றுக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் கொடுத்துக்கொண்டது. அதன் பிறகே மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கப்பட்டது.

அது தன் பூர்வீக வீடு என்றும், அண்ணன் பூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றும் ஏட்டு சொன்னார். பூட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணன் தம்பி தகராறுல நான் அரத்தை நுழைக்கக் கூடாது சார். போலீஸ்ல போய்ச் சொல்லுங்க. அங்க மீசை வச்ச ஏட்டு ஒருத்தர் இருக்கார். நல்ல மனுஷர். பொய் பேசத் தெரியாதவர்."

இதைச் சொல்லும்போது அவர் ஏட்டின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டுக்கு மீசை இருந்த இடம் சுட்டது. அன்று திரும்பிப் போய், இந்த ஆள் சரிப்பட்டு வரமாட்டார், விட்டுவிடலாம் ஐயா என்று கண்காணிப்பாளரிடம் கெஞ்சிப் பார்த்தார். கண்காணிப்பாளர் தலைமையகத்துக் கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது வாய்ப்பா தூண்டுதலா என்று ஏட்டு கேட்டுக்கொள்ளவும் இல்லை.

நான்காம் நாள் கதையில் அம்மா வந்தாள். உடம்புக்கு முடியாத அம்மா உள்ளே தனியாகக் கிடப்பதாகவும், அண்ணன் வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டதாகவும் ஏட்டு ஒப்பித்தார். பூட்டுக்காரரின் கை அரத்தின் மேல் நின்றது. அப்போதும், அண்ணனைத் தேடிப் பிடிங்க சார், நானும் வேணா கூட வர்றேன் என்றாரே தவிர, பையைத் தொடவில்லை.

ஐந்தாம் நாள் ஏட்டு போனபோது புதிதாகச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. அம்மா என்று ஆரம்பித்தார். அவருடைய சொந்த அம்மா சாகும்போது அவர் யாரோ ஒரு பிரமுகர் வருகைக்காகத் தெருமுனையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். விடுப்பு கிடைக்கவில்லை. அந்த ஞாபகம் எங்கிருந்தோ கிளம்பி வந்தது. குடைக்குக் கீழே நின்று, வேஷத்தை மறந்து, வாய்விட்டு அழுதார்.

பூட்டுக்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நடங்க," என்றார்.

வீடு புகுவதை இருட்டிய பிறகு வைத்துக்கொள்வதுதான் முறை. ஆனால் காலை வெளிச்சம் படத்துக்கு நன்றாக இருக்கும் என்பதால் காலையிலேயே எல்லாரும் வீட்டுக்குள் தயாராக இருந்தார்கள். பூட்டு இரண்டு நிமிஷத்தில் வாயைத் திறந்தது. கதவைத் தள்ளிய பூட்டுக்காரர், அம்மா, பயப்படாதீங்க என்று குரல் கொடுத்தபடி உள்ளே காலை வைத்தார். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. கண்காணிப்பாளர் அவர் தோளில் கை போட்டுக் காமெராவைப் பார்த்தார். முதல் படத்தில் கண் மூடிவிட்டதால் பூட்டுக்காரரை வெளியே அனுப்பி, இன்னொரு முறை உள்ளே வரச் சொன்னார்கள். அவரும் வந்தார். பின்னறையில ஒரு அம்மா இருப்பாங்க, முதல்ல அவங்களைப் பாருங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. அரசு வழக்கறிஞர் ஏட்டுக்கு முதல் நாளே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன் என்று சொல்லக்கூடாது. என் தேவையை வெளிப்படுத்தினேன் என்று சொல்ல வேண்டும். கெஞ்சினேன் கூடாது, வலியுறுத்தாமல் எடுத்துரைத்தேன். அழுதேன் என்ற சொல் வாயிலிருந்து வரவே கூடாது. கண்களில் நீர் காணப்பட்டது, அவ்வளவுதான். யாருடைய கண்கள் என்று கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.

ஏட்டு கூண்டில் ஏறி எல்லாவற்றையும் ஒப்பித்தார். தன் குரலே தனக்கு யாரோ வாசிக்கும் அறிக்கை போலக் கேட்டது. பூட்டுக்காரருக்கு வழக்கறிஞர் இல்லை. ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் நீதிபதி. ஒண்ணே ஒண்ணு என்று எழுந்தார்.

"உங்க அம்மாவுக்கு இப்போ எப்படி இருக்கு?"

பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. ஏட்டு வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் காகிதங்களைப் பார்த்தார்.

"அம்மா செத்துப் பல வருஷமாச்சு," என்றார் ஏட்டு.

"அப்போ அவ்வளவு அவசரமா ஓடி வந்திருக்க வேண்டியதில்லை," என்றார் பூட்டுக்காரர்.

குற்றவாளி அவசரமாக ஓடி வந்ததை அவரே ஒப்புக்கொண்டதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் எழுந்தார். பதிவு செய்யப்பட்டது. முன்பின் தெரியாத ஒருவர் பேச்சைக் கேட்டு ஏன் அடுத்தவர் வீட்டைத் திறந்தீர் என்று நீதிபதி கேட்டார்.

"முன்பின் தெரியாதவர் இல்லீங்க. இவர் நம்ம மீசை ஏட்டு. ரெண்டாம் நாளே தெரிஞ்சு போச்சு. மீசையை எடுத்துட்டா மூஞ்சி மாறிடுமா? வீட்டு விஷயம், வெட்கப்பட்டுக்கிட்டு மறைக்கிறார்னு நினைச்சு நானும் தெரியாத மாதிரி இருந்தேன். வேற யாராவது வந்து கேட்டிருந்தா கடைசி வரைக்கும் எழுந்திரிச்சிருக்க மாட்டேன். போலீஸ்காரரே போலீஸ்கிட்ட போக வழியில்லாம நடுத்தெருவுல அழுதா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு முடியாதுன்னு சொல்றது?"

ஏட்டு கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் சொல்வது சத்தியம், எழுதிக் கொடுத்ததைத்தான் நான் வாசித்தேன் என்று சொல்லிவிட வாயைத் திறந்தார். முன்வரிசையில் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். மகளின் படிப்பு நினைவுக்கு வந்தது. திறந்த வாயை இருமலாக மாற்றி மூடிக்கொண்டார். அந்த இருமலுக்காக அவர் பிறகு பல நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அது வேறு விஷயம்.

தீர்ப்பு அறிவு நிறைந்ததாக இருந்தது. கேட்டவர் காவலர் என்று தெரிந்திருந்தும் அவர் முன்னிலையிலேயே பூட்டைத் திறந்தது குற்றவாளியின் அசாதாரணத் துணிச்சலைக் காட்டுகிறது. மேலும், நான்கு முறை மறுத்திருக்கிறார். ஆகவே இது தவறு என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. முதல் முறை கேட்டபோதே ஒத்துக்கொண்டிருந்தால் அறியாமல் செய்ததாகக் கருதி விட்டிருக்கலாம். இத்தனை முறை மறுத்த ஒரு நேர்மையாளர் ஐந்தாம் முறை செய்ததை மன்னிக்க வழியில்லை. ஆனால் அவரது வயதையும் நன்னடத்தையையும் கருதி, சிறைக்குப் பதிலாக ஒரு நிபந்தனை விதிக்கப்படுகிறது. இனி, காவல் கண்காணிப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவர் எந்தப் பூட்டையும் திறக்கக் கூடாது. மீறினால் சிறை.

வாசல் கரும்பலகையில் ஒரு குற்றம் ஏறியது. நிலையம் பிழைத்தது. கண்காணிப்பாளருக்குப் பதக்கம் கிடைத்தது. ஏட்டுக்கு மீசை வளர்க்கும் அனுமதி கிடைத்தது. படி மட்டும், மீசை பழைய நீளத்தை எட்டியதை மருத்துவர் சான்றளித்த பிறகு பரிசீலிக்கப்படும் என்றார்கள்.

அதன் பிறகு பொறி வைப்பது ஊரில் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. பொறி வைக்காத அலுவலகத்தை யாரும் மதிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாளை மேசை மேல் வைத்துவிட்டு ஆசிரியர்கள் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பில் பாடம் நடத்த யாரும் இல்லாததால் மாணவர்களுக்கு விடை எழுத எதுவும் தெரியவில்லை. தண்ணீர்த் துறை வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டு, யார் வந்து மூடாமல் போகிறார்கள் என்று பார்த்தது. மூடியவர்களை, அரசுக் குழாயைத் தொட்டதற்காகப் பிடித்தது. தெருவில் பணப்பை விழுந்தால் குனிபவர் இல்லை. கிழவர் ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்தபோது எல்லாரும் தள்ளி நின்று, நல்லா விழறார், எந்த டிபார்ட்மெண்ட் என்று விசாரித்தார்கள்.

பூட்டுக்காரர் குடைக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்தார். சாவி தொலைத்தவர்கள் அவரிடம் வந்து, அவர் அனுமதி வாங்கி வரச் சொல்லி, அனுமதி வரும் வரை திண்டாடி, கடைசியில் தச்சரைக் கூப்பிட்டுக் கதவையே பெயர்த்தார்கள். இதனால் தச்சர்கள் குற்றம் செய்ய வல்லோரில் சேர்க்கப்பட்டார்கள். ஏட்டு அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டுச் சுற்று வழியில் போய் வந்துகொண்டிருந்தார்.

இப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு ஆளை வைத்துப் பொறி வைப்பதே வீண் என்று கண்காணிப்பாளருக்குத் தோன்றியது. எனவே நிலையத்தின் முன்னாலேயே ஒரு மாதிரிப் பொறி அறை கட்டப்பட்டது. சன்னல் கிடையாது. காற்றுக்காக உயரத்தில் கம்பிவலை போட்ட ஒரு சின்னத் துவாரம். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் இரும்புக் கதவு; வெளியிலிருந்து மட்டுமே திறக்க முடியும். உள்ளே ஒரு மேசை, மேசை மேல் ஒரு கைக்கடிகாரம். கதவு எப்போதும் திறந்தே இருக்கும். ஆசைப்பட்டவன் உள்ளே போகலாம். கதவுக்கு ஒரே ஒரு சாவி. பாதுகாப்புக் கருதி அது கண்காணிப்பாளரின் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்திருந்தது. வராதவர்களை ஏன் வரவில்லை என்று விசாரிக்கக்கூடும் என்று ஒரு பேச்சு இருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. கண்காணிப்பாளர் ரிப்பனை வெட்டி, படம் எடுத்து முடிந்ததும் விளக்கத் தொடங்கினார். இப்போது ஒரு திருடன் ஆசைப்பட்டு உள்ளே நுழைகிறான் என்று வைத்துக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டே நுழைந்தார். பிறகு இப்படிக் கதவு சாத்திக்கொள்கிறது என்று இழுத்துக் காட்டினார். கதவு மிகச் சிறப்பாக வேலை செய்தது.

முதலில் கைதட்டல். பிறகு உள்ளேயிருந்து தட்டும் சத்தம். பிறகு, சாவி என்கிட்டயே இருக்குது, கதவைத் திறங்க என்ற குரல். தத்ரூபமா இருக்கு என்றார் மருந்துக்கடைக்காரர். மூச்சு முட்டுது என்ற குரல் வந்தபோது மறுபடி ஒரு கைதட்டல். காவலர் ஒருவர் கடப்பாரையோடு முன்னால் போனார். இன்னொருவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அரசுச் சொத்தை எவன் உடைக்கிறான்னு பார்க்கத்தான் ஐயா கத்தறார், போய் மாட்டிக்காதே என்று காதில் சொன்னார். கடப்பாரை மெதுவாகக் கீழே வைக்கப்பட்டது. அதன் பக்கத்தில்கூட யாரும் நிற்கவில்லை.

ஏட்டு மட்டும் அந்தக் குரலை உற்றுக் கேட்டார். பாடமாகச் சொல்லும் அழுகை எப்படி இருக்கும், தானாக வரும் அழுகை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது தானாக வருவது. சுற்று வழியை விட்டுவிட்டு நேர்வழியில் குடையை நோக்கி ஓடினார்.

பூட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "மீசை நல்லா வளர்ந்திருக்கே."

ஏட்டு விஷயத்தைச் சொன்னார். அனுமதிக் கடிதம் இல்லை, கொடுக்க வேண்டியவர் உள்ளே இருக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அம்மா விஷயத்தில் செய்தது பாவம், கோர்ட்டில் இருமியது அதைவிடப் பாவம் என்றார். கேட்காத விஷயத்தை எல்லாம் சொன்னார்.

"இந்தத் தடவை உள்ளே நிஜமாவே ஆள் இருக்கா?" என்று மட்டும் கேட்டார் பூட்டுக்காரர்.

"இருக்கார்."

பூட்டுக்காரர் பையை எடுத்தார். ஏட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடி மாட்டிக்கப் போறீங்க."

"உள்ளே ஒரு உசிரு தவிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வேணும்னா இன்னும் நாலு தடவை கேளுங்க, அதுவரைக்கும் மறுக்கறேன். அவருக்குத் தாங்குமா?"

இரும்புக் கதவு என்பதால் ஐந்து நிமிஷம் ஆயிற்று. கண்காணிப்பாளர் வெளியே வந்தபோது சட்டை முழுக்க நனைந்து, தொப்பி கோணலாகி, அடையாள அட்டை முதுகுப் பக்கம் தொங்கியது. கூட்டத்தில் ஒரு குழந்தை மட்டும் சிரித்தது. அந்தச் சிரிப்பு பெரியவர்களுக்குப் பரவுவதற்குள் கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதிகாரி என்றால் சும்மாவா.

"பொதுமக்களே, நீங்கள் இப்போது கண்டது நடவடிக்கையின் இரண்டாம் கட்டம். நீதிமன்ற நிபந்தனையை இவர் மீறுகிறாரா என்று சோதிக்கவே நான் உள்ளே சென்றேன். எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் பூட்டைத் திறந்திருக்கிறார். கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறார்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. பார்த்தியா, நடிப்புன்னு நான் அப்பவே சொன்னேன் என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார்கள். விலங்கு போடுங்க ஏட்டு என்றார் கண்காணிப்பாளர். பூட்டுக்காரர் அரத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். ஐயாவுக்கு யாராவது தண்ணி கொடுங்க, வேர்த்திருக்கு என்றார்.

ஏட்டு விலங்கைக் கையில் எடுத்தார். இருமல் வரவில்லை. மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"ஐயா, ஒரு குறை."

"என்ன?"

"பூட்டைத் திறந்தப்போ ஐயா உள்ளே நின்ன படம் இல்லை. வெளியே வந்த படம்தான் இருக்கு. தொப்பி வேற கோணலா இருக்கு."

கண்காணிப்பாளர் புகைப்படக்காரரைப் பார்த்தார். புகைப்படக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். கண்காணிப்பாளர் தொப்பியைச் சரி செய்தார். அட்டையை முன்னால் இழுத்துவிட்டார். கதவு திறந்திருந்தது. உள்ளே போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவர் தம் சுய விருப்பத்தின் பேரில், முழு மனத்தோடு, கம்பீரமாக உள்ளே நடந்து போய் மேசைக்குப் பின்னால் நின்றார்.

ஏட்டு கதவைச் சாத்தினார்.

மூன்றாம் கட்டம் என்று நினைத்துக் கூட்டம் முன்பைவிடப் பலமாகக் கைதட்டியது.

"இது தூண்டுதல் இல்லையா ஏட்டையா?" என்றார் பூட்டுக்காரர், நீட்டிய கையை இன்னும் மடக்காமல்.

"வாய்ப்பு மட்டும்தான் அளிச்சேன்," என்றார் ஏட்டு. விலங்கைப் பூட்டுக்காரரின் கையில் போடாமல் பைக்குள் போட்டார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பல நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. இருவரும் டீக்கடைக்கு நேர்வழியிலேயே நடந்து போனார்கள். இன்னொரு தடவை திறக்கச் சொல்வீர்களா என்று பூட்டுக்காரர் கேட்டதற்கு, ஐயா அனுமதிக் கடிதம் கொண்டுவரட்டும், பார்க்கலாம் என்றார் ஏட்டு.

கண்காணிப்பாளர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். கம்பிவலை வழியாகக் குழாய் விட்டுப் பாலும் தண்ணீரும் முறையாகக் கொடுக்கப்படுகின்றன. கதவைத் திறப்பது குறித்த கோப்பு தலைமையகத்தில் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. இத்தனை நாள் வேஷம் கலையாமல் பணியாற்றும் அதிகாரி இதற்கு முன் துறையில் இருந்ததில்லை என்று அவருக்கு இரண்டாவது பதக்கம் அறிவித்திருக்கிறார்கள். அவர் வெளியே வந்ததும் வழங்கப்படும். குரல் இப்போது கொஞ்சம் கம்மிவிட்டது. அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று கேட்டு, முன்பைவிட நன்றாகச் செய்கிறார் என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

நீங்களும் ஒருநாள் அந்தப் பக்கம் போக நேரலாம். கதவு வெளியிலிருந்துதான் பூட்டியிருக்கிறது, கடப்பாரையும் அங்கேயேதான் கிடக்கிறது. குரலைக் கேட்டு உங்கள் மனம் இளகினால் அது உங்கள் நல்ல குணம். திறக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, திறங்கள் என்றும் சொல்லவில்லை. கடப்பாரையைக் கையில் எடுக்கும்போது முகத்தை மட்டும் நேராக வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் நன்றாக விழும்.